சிகேய் வைத்த தேர்வு

கெரிச்சோ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் எழுத்தர் சிகேய், யார் வீட்டிலும் ஒரு வாய் உகாலிக் களி உண்ணமாட்டார். உண்டால் மறுநாளே அந்த வீட்டு மைத்துனர் வேலை கேட்டு வந்து நிற்பார் என்ற பயம். பக்கத்தில் இருப்பவனுக்கு எரிச்சல் மூட்டும் நேர்மை அது. அவரோடு தராசு பிடித்த எனக்குத் தெரியாதா?

அதுவரை ஊர்த்தலைவரின் கடிதம் கொண்டுவந்தவருக்கே வேலை. அதை மாற்ற வழி கேட்டது மேலிடம். ஒருவர் நேர்காணல் என்றார், இன்னொருவர் எழுத்துத் தேர்வு என்றார்.

"கொழுந்து பறிக்கிறவளுக்கு எதுக்குய்யா பேச்சும் எழுத்தும்? பறிக்க விட்டு நிறுத்துப் பாருங்க. நீ யாரு வீட்டுப் பொண்ணுன்னு செடி கேக்குமா?" என்றார் சிகேய். விதிகளையும் அவரே எழுதினார். தேர்வில் எவரும் எவருக்காகவும் பேசக்கூடாது.

நாற்பது பெண்கள், நான்கு நிரந்தர இடங்கள். அதில் ஒன்று மொராவுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். ஒன்பது வருடம் தற்காலிகமாகப் பறித்தவள். வேலை நிரந்தரமானால் தோட்டக் குடியிருப்பான லயத்தில் இருக்கும் அறை அவளுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நிலைக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும்.

பத்து மணிக்கே தன் செடி நிரையை முடித்துவிட்டாள். உடனே புது நிரை பிடித்திருக்க வேண்டும். பாவி, பக்கத்து நிரையில் பின்தங்கிய கர்ப்பிணி போசிபோரியிடம் போனாள். முடித்தவள் முடிக்காதவளுக்குக் கை கொடுப்பது இங்கே பெண்களின் வழக்கம். பறித்ததையெல்லாம் அவள் கூடையிலேயே போட்டாள்.

"மொராக்கா, வேணாம். இன்னிக்குப் பரீட்சை."

"அடி போடி! வயித்த வச்சுக்கிட்டு எட்டிப் பறிக்கிறியே. தள்ளு."

சிகேய் பாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தராசில் போசிபோரி நான்காவது. மொரா ஐந்தாவது, இரண்டு கிலோ குறைவு. எடையைப் படித்தவன் நான், வாயைத் திறக்கவில்லை. போசிபோரி அழுதாள், ஆனால் வேலை வேண்டாமென்று சொல்லவில்லை. அவளும் பிழைக்க வேண்டுமே.

மொரா நேரே சிகேயிடம் வந்தாள். "ஐயா, நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க?"

"பாத்தேம்மா." அவர் தலை நிமிரவில்லை. "தாள்ல பேருக்கும் எடைக்கும் மட்டுந்தான் எடம் இருக்கு."

"அந்தத் தாளப் போட்டது யாரு?"

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, என்மேல் அதைவிட அதிகமாக.

மாதக் கடைசியில் மொரா அறைச் சாவியைக் கொடுத்தாள். வாங்கிக் கையெழுத்திட்டதும் சிகேய்தான். அவருடைய முறையை மேலிடம் பாராட்டி, மற்றத் தோட்டங்களுக்கும் கொண்டுபோனது.

அடுத்த வருடத் தேர்வில் ஒருத்தி மயங்கி நிரையிலேயே சரிந்தாள். இருபுறமும் பறித்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தவில்லை. சிகேய்தான் ஓடிப்போய்த் தூக்கினார்.