மூன்று கூலூம், ஒன்பது வோல்ட்

அப்பாவின் தங்கை, என் அத்தை, பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளில் ஈயம் உருக்கி சால்டர் வைத்துக்கொண்டிருந்தாள். மீட்டர் வைத்துச் சோதிக்கும் மேஜைக்குப் போக அவளுக்கு ஆசை. அதற்கு டிப்ளமா வேண்டும். அவளைப் பத்தாவதோடு நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியவர் அப்பா என்பதால் எங்கள் ஜோகுபாளையத்து வீட்டில் அந்தப் பேச்சே எழாது.

நான் பத்தாவது படித்தபோது ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டேன். ஒன்பது வோல்ட் மின்னழுத்த வேறுபாடு உள்ள இரு புள்ளிகளுக்கு நடுவே மூன்று கூலூம் மின்னூட்டத்தை நகர்த்தச் செய்யும் வேலை எவ்வளவு? பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்துவிடுவது என் வழக்கம். மூன்று என்று எழுதியிருந்தேன்.

ஷிப்ட் முடிந்து வந்த அத்தை முகம்கூடக் கழுவாமல் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"ஒன்பது வோல்ட்டுன்னா என்னா? ஒரு கூலூமை நகர்த்த ஒன்பது ஜூல் வேலை. அப்போ மூணு கூலூமுக்கு?"

"இருபத்தேழு."

"அவ்ளோதான், பெருக்கணும். ஜூல்னு எழுது, இல்லாட்டி மார்க் போயிடும்."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தலையணை உறைக்குள்ளிருந்து ஓர் அப்ளிகேஷனை எடுத்துக் காட்டினாள். மாலை நேர டிப்ளமா. போட்டோ ஒட்டிக் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

"உங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன். சேர்ந்த அப்புறம்."

அந்த வாரத்துப் பரீட்சையில் அதே மாதிரிக் கணக்கு வந்தது. முழு மார்க். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் பேப்பரை நீட்டினேன். சொல்லிக்கொடுத்தது அத்தை என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அத்தையும் காலேஜுக்குப் போகப் போகிறாள் என்று பெருமையாகச் சொன்னேன்.

அப்பா கோபப்படவில்லை. "அப்ளிகேஷன் எங்க வச்சிருக்கா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நானே ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நல்லவேளை சொன்னே" என்று என் தலையைத் தடவினார். எப்போதாவது கிடைக்கிற தடவல் அது. என் மார்க்குக்குத்தான் என்று நம்பினேன்.

சாயங்காலம் அத்தை தலையணையை உதறிப் பார்த்தாள். அப்பா நிமிராமலே சொன்னார்: "சந்தாபுரால பேசிட்டிருந்த மாப்பிள்ளை முடிவாயிடுச்சு. பத்தாவதே போதும்னுட்டாங்க." அத்தை என்னைப் பார்த்தாள்.

இரண்டு மாதத்தில் கல்யாணம். அதற்கு முன்பே வேலையை விட வைத்துவிட்டார்கள். மண்டபத்தில் புதுப் பாவாடையோடு மேடைக்கு நேர் எதிரே நின்று கையசைத்தேன். அத்தை என்னை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

போட்டோக்காரர் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் கையை அசைத்துக்கொண்டே நின்றேன்.