மூன்று கோல்ப் மைதானங்களும் நான் வெட்டிய கானும்

மாத்தளை நகரில் மூன்று மாடிக் கடை. உக்குவளைப் பக்கம் மசாலா அரைக்கும் ஆலை. ஆறு லொறி. மூன்று பிள்ளைகளுக்கு மூன்று வீடு. கோயிலுக்கு ஒரு மடப்பள்ளி. இத்தனையும் கட்டியவன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கூலிகளின் வரிசை வீடான லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் பிறந்தவன். என் முதல் பெட்டிக்கடை எரிந்தபோது சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி கட்டினேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பத்தொன்பது வயதில், நான் ஒரு கோல்ப் மைதானம் கட்டினேன்.

அந்தத் தோட்டத்தை நடத்திய துரைக்குக் கோல்ப் பைத்தியம். பங்களாவுக்கு மேலே உள்ள சரிவில் ஐந்து குழி வைத்து மைதானம் போட ஆசைப்பட்டார். எட்டு ஆள் கொண்ட எங்கள் கும்பலை அனுப்பினார். நாலாம் குழிக்கு அவர் காட்டிய இடம் மலைத்தண்ணீர் இறங்கும் இடம். "தொர, இது நிக்காதுங்க" என்றேன். சிரித்தார். முதல் மழையில் பாதிப் புல்தரை ஓடையோடு போனது. பிறகு நான்தான் அதற்கு மேலே கான் வெட்டினேன். மழைத்தண்ணீரை வழிமறித்துப் பக்கமாகத் திருப்பிவிட மலைச்சரிவில் வெட்டும் வாய்க்காலைத் தோட்டத்தில் கான் என்போம். மேலே ஒன்று, அதன் மிச்சத் தண்ணீரைப் பிடிக்கக் கீழே, புல்தரையின் ஓரமாக, இன்னொன்று. மண் தங்க ஒரு குழி. இரண்டு மாதம் வெட்டினேன். அதன் பிறகு புல் ஓர் அங்குலம் நகரவில்லை.

இப்போது அந்தப் பங்களா ஹோட்டலாகிவிட்டது. காடு மண்டிக் கிடந்த மைதானத்தையும் வெட்டித் திருத்தியிருக்கிறார்கள். போன வாரம் என் பக்கத்துப் புடவைக்கடை ரசீக் நானா தன் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். சிங்களத்தில் இருந்தது. மைதானத்தைத் துரை தனி ஒருவராக உருவாக்கினாராம். திறப்பு விழாவுக்குக் கல்வெட்டும் வைக்கப் போகிறார்களாம். கல் சனிக்கிழமை கொத்தக் கொடுக்கப்படும்.

அன்றிரவு உட்கார்ந்து யோசித்தேன். ஹோட்டல்காரர்கள் லொறிக்காரன் பேச்சைக் கேட்கமாட்டார்கள். விளையாடத் தெரிந்தவன் பேச்சைக் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டேன். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள். முதலில் பழகும் இடம், அடுத்தது சமதரை, கடைசியில் மலை. லொறி ஓட்டப் பழகியதும் இந்த வரிசையில்தான். அறுபத்தாறு வயதில் கோல்ப் பழகி, நான் கட்டிய மைதானத்தில் நானே ஆடி, அதன் பிறகு வாயைத் திறப்பதென்று கிளம்பினேன்.

செவ்வாய், காலை 5.40. என் வான் வண்டியில் நானும் ரசீக் நானாவும். பலாபத்வெல குறுக்கு வழியாகக் கலேவெல போனோம். மீட்டர் முப்பத்தெட்டுக் கிலோமீற்றர் காட்டியது. ஊருக்கு வெளியே, சோளக் காணிகளுக்கு நடுவில், கட்டார் நாட்டில் பத்து வருடம் மைதானத்துப் புல் வெட்டிவிட்டு வந்த ஒருவர் தன் வயலைப் பந்தடிக்கும் இடமாக மாற்றியிருக்கிறார். குழி கிடையாது. நின்ற இடத்திலிருந்து அடிக்க வேண்டியதுதான். ஐம்பது பந்து கொண்ட வாளி ஆயிரத்து இருநூறு ரூபாய். புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கேதான் தொடங்க வேண்டும். பின்னால் யாரும் காத்து நிற்பதில்லை. பந்து எங்கே போனாலும் கேள்வி இல்லை.

அவர் மட்டையை நீட்டினார். நான் இடது கையை நீட்டினேன். அவர் முகம் மாறியது.

"மாத்தயா, நொட்டாங்கையா?"

"பொறந்ததுல இருந்து."

"அப்ப கஷ்டம். எல்லா மட்டையும் சோத்துக்கைக்குத்தான். ஒண்ணே ஒண்ணு இருக்கு, ஒரு ஜெர்மன்காரர் விட்டுட்டுப் போனது."

துருப்பிடித்த ஏழாம் நம்பர் மட்டையைத் தேடிக்கொண்டு வந்தார். வாசகர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: இடது கைக்காரர்கள் எந்த மைதானத்துக்குப் போவதானாலும் முதலில் போன் பண்ணி மட்டை இருக்கிறதா என்று கேட்க வேண்டும். விலை, தூரமெல்லாம் பிறகு.

ஐம்பதில் பதினொரு பந்து எழும்பியது. மற்றதெல்லாம் தவளைபோலத் தத்தியது. மூட்டை சுமந்த தோள் எனக்கு. மேலே தூக்கும், சுற்றித் திரும்பாது. நானா வாளிமேல் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க பந்தை அடிக்கிறீங்களா, நெலத்தைக் கொத்துறீங்களா? வயல்காரரு இனி விதைக்கவும் செய்யலாம் போல ஈக்கு."

"பதினொண்ணு பறந்திச்சில்ல? மொத நாள் எவனுக்கு நானா பதினொண்ணு பறக்கும்?"

கட்டார்க்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். நல்ல மனிதர். கிளம்பும்போது துருப்பிடித்த மட்டையைத் தந்துவிடும்படி கேட்டேன். ஜெர்மன்காரர் திரும்பி வருவார் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்று மத்தியானம் திரும்பி வருகையில், நான் கொஞ்சம் நம்பிக்கையோடுதான் இருந்தேன்.

புதன், காலை 6.10. தம்புள்ளைப் பக்கம், நாற்பத்தாறு கிலோமீற்றர். நாவுலையைத் தாண்டியதும் மரக்கறி லொறிகள் வரிசை. மொத்தச் சந்தையின் வாசலில் நான் நிறுத்தாமலே இரண்டு பேர் கைகாட்டினார்கள். அந்த ஊரில் என்னைத் தெரியாத சுமைதூக்கி கிடையாது. அதற்கு மூன்று கிலோமீற்றர் அப்பால், குளத்தோரம் உள்ள ஹோட்டலில் என்னை ஒருவருக்கும் தெரியவில்லை.

அங்கே ஒன்பது குழி. பார்த்தால் புதியவனுக்காகவே செய்ததுபோல் இருக்கும்: சமதரை, அகலமான புல்வெளி, நீளமும் குறைவு. ஒன்பது குழிக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய், மட்டை வாடகை சேர்த்து. காலர் வைத்த சட்டை வேண்டும், போட்டிருந்தேன். கோல்ப் சப்பாத்து வேண்டும். எண்ணூறு ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்தேன், விரல் நசுங்கியது. இடது கை மட்டை இல்லை.

"சேர், ரைட் ஹேண்ட்ல ட்ரை பண்ணுங்க. சில பேருக்கு வரும்" என்றது வரவேற்பில் நின்ற பிள்ளை.

எனக்கு வரவில்லை. முதல் குழியில் பந்தை விழுத்தப் பதினான்கு அடி. இரண்டாவதில் எண்ணுவதை விட்டேன். மூன்றாவது குழி குளத்துக் கரையில். ஏழு பந்து தண்ணீருக்குள் போனது. சமதரையாக இருந்தால் மட்டும் போதாது, தண்ணீர் எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் மைதானம் தேட வேண்டும் என்பது அங்கே தெரிந்தது. பின்னால் ஒரு வெள்ளைக்காரப் புருஷனும் பெண்சாதியும் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். பிறகு இன்னொரு சோடிக்கு வழிவிட்டோம். எட்டரை மணிக்கெல்லாம் நான் மரநிழலில் நின்று போகிற வருகிறவர்களுக்கு வழிவிடுகிற ஆளாக இருந்தேன்.

"அண்ணே," என்றார் பையைச் சுமந்துகொண்டிருந்த நானா, இந்தமுறை சிரிக்காமல். "நாளைக்கு மலைக்குப் போய் விளையாடத்தான் வேணுமா? போய்ச் சொல்லிட்டு வந்தாப் போதாதா?"

"சொன்னா நம்புவாங்களா?"

நானா பையைக் கீழே வைத்தார். தேநீர் வாங்கினோம், ஒரு கோப்பை அறுநூறு. அந்த விலைக்கு இவ்வளவு ருசியில்லாத தேநீரை நான் குடித்ததில்லை. தேயிலையில் பிறந்தவன் சொல்கிறேன்.

வியாழன், காலை 7.00. ரத்தோட்டை பன்னிரண்டு கிலோமீற்றர். அதற்கு மேல் ரிவர்ஸ்டன் வீதி வளைந்து வளைந்து ஏறும். ராத்திரி மழை பெய்திருந்தது. நான் பிறந்த லயம் இருந்த இடத்தில் ஹோட்டல் வாகனங்கள் நிற்கும் இடம். நானாவிடம் காட்டவில்லை. காட்ட ஒன்றும் இல்லை.

விழா நடக்கும்வரை ஐந்து குழிக்கு நாலாயிரம் ரூபாய்தான் என்றார் முகாமையாளர், முப்பது வயது இருக்கும், மரியாதையான சிங்களப் பிள்ளை. இடது கை மட்டையும் இருந்தது! என் நெஞ்சு லேசானது. முதல் குழி ஒன்பது அடி. இரண்டாவது எட்டு. மூன்றாவது ஏழு. "மாஷா அல்லாஹ்" என்றார் நானா.

நாலாம் குழிக்குப் போனோம். மஞ்சு விலகியது. என் புல்தரை அப்படியே இருந்தது.

முதல் பந்து புல்தரையில் விழுந்து, நின்று, பிறகு மெல்ல உருண்டு ஓரத்துக் கானுக்குள் இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, நாலாவது. தண்ணீர் தேங்கக் கூடாதென்று தரையை அந்தப் பக்கம் சாய்த்து விட்டவன் நான்தான். மழைத்தண்ணீருக்கு நான் போட்ட வழியில் என் பந்தெல்லாம் போனது. எட்டாவது பந்தோடு கையிருப்பு முடிந்தது.

கானுக்குள் ஒரு பெண் மம்பட்டியோடு நின்றாள். மாரியாயி, ஐம்பது வயதிருக்கும், மைதானத்தைப் பார்த்துக்கொள்கிறவள். மண்குழியில் சேறு அள்ளிக்கொண்டிருந்தாள். என் பந்துகளைச் சேலை முனையில் துடைத்து ஒவ்வொன்றாக மேலே போட்டாள்.

"எல்லாருக்கும் இங்கதாங்கய்யா வருது. வர்ற தொரமாரெல்லாம் இந்தக் கானைப் பாத்துத்தான் திட்டுறாங்க. எந்தக் கட்டையில போனவன் வெட்டுனானோ!"

"கட்டையில போகல. ஒனக்கு முன்னாலதான் நிக்கிறேன். நாந்தான் வெட்டுனேன்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நெசமாவா? அப்ப எறங்கி வந்து அள்ளுங்க. மழை பெஞ்சா பதினஞ்சு தாச்சிச் சட்டி சேறு." பிறகு இன்னொன்றும் சொன்னாள். "இருங்க, ஒரு நியாயம் கேக்கணும். எல்லாக் கான்லயும் எறங்குற படி சோத்துக்கைப் பக்கம் இருக்கும். இதுல மட்டும் ஏன் இந்தப் பக்கம் வச்சீங்க? மம்பட்டியோட எறங்கவே வரலை."

மண்குழிக்கு இறங்க மூன்று கல்படி, இடது பக்கம். நான் வைத்தது. என் கைக்கு ஏற்றபடி, யாரையும் கேட்காமல், பத்தொன்பது வயதில் வைத்தது. அப்போது கங்காணி அதற்காகத் திட்டினார். ஆனால் பிரிக்கச் சொல்லவில்லை.

அவளையும் நானாவையும் கூட்டிக்கொண்டு முகாமையாளரிடம் போனேன். படியைச் சொன்னேன். நான் இடது கைக்காரன் என்பதை அவரே மட்டை எடுத்துத் தந்தபோது பார்த்தவர். போன வருடத்து மழையில் எதிர்ச்சரிவு இடிந்து வீதிக்கு வந்தபோது, இந்தச் சரிவு நின்றது கானால்தான் என்று மாரியாயியும் சொன்னாள்.

"உண்மைதான், அந்தக் கான் இல்லாவிட்டால் மைதானமே இல்லை" என்றார் அவர் சிங்களத்தில். "ஆனால் அதைத் துரைதான் போட்டார். பங்களாவில் அவர் எழுதி வைத்த குறிப்பில் இருக்கிறது."

"தொர மம்பட்டி புடிச்சதை யாராச்சும் பாத்தாங்களா?"

"உங்களை யாராவது பார்த்தார்களா?"

அந்தக் கேள்வியை அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் கும்பலில் எட்டுப் பேர். ஐந்து பேர் குடும்பத்தோடு தலைமன்னாரில் கப்பலேறி இந்தியா போனார்கள். ஒரு கடிதம்கூட வந்ததில்லை. இரண்டு பேர் இந்த மலையிலேயே செத்தார்கள். மிச்சம் நான். என் கடைக்குப் பத்திரம் இருக்கிறது, ஆலைக்கு உரிமம் இருக்கிறது, லொறிக்குப் புத்தகம் இருக்கிறது. இந்தக் கானுக்கு என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு கை இருக்கிறது.

"வாசகம் முடிவாகிவிட்டது ஐயா. மேலிடத்தில் சொல்லிப் பார்க்கிறேன்" என்றார். சொல்லமாட்டார். நானும் வேலைக்கு ஆள் வைத்து நடத்துகிறவன். அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

ஐந்தாம் குழியை நான் ஆடவில்லை. பகல் 11.20க்கு இறங்கினோம். ரத்தோட்டைக்கு வந்ததும் நானா, "நான் பாத்தேனே அண்ணே, படியை" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். புடவைக்கடைக்காரர் பார்த்ததை யார் கல்லில் கொத்துவார்கள்?

மாத்தளைக்கு வந்து என் மூன்று மாடியைப் பார்த்தேன். மேலே என் பெயர் நாலடி எழுத்தில் இருக்கிறது, இரவில் எரியும். நான் போன பிறகு பிள்ளைகள் விற்றால், வாங்குகிறவன் முதலில் கழற்றுவது அதைத்தான். கான் அப்படி இல்லை, அங்கேயே கிடக்கும்.

கோல்ப் பழக நினைக்கிறவர்களுக்கு: கலேவெல போங்கள். குளத்தோர மைதானத்துக்கு ஒரு வருடம் கழித்துப் போங்கள். மலை மைதானத்தில் மூன்று குழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; நாலாவது உங்களால் முடியாது. என்னாலேயே முடியவில்லை.

கல் கொத்தக் கொடுக்கிறவர்களுக்கு: துரையின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. மைதானம் அவர் ஆசை, இருக்கட்டும். கான் என் வேலை. கல்லில் எனக்கு இடமில்லையென்றால், அந்த மூன்று படிக்குப் பக்கத்தில் எழுதுங்கள்: வெட்டியவர் காளிமுத்து மகன் சன்னாசி, இடது கையால். பந்து தேடிக் குனிகிறவர்கள் படிக்கட்டும். திட்டுவதாக இருந்தாலும் பெயரைச் சொல்லித் திட்டட்டும்.