நாற்பது வாட்

ஆரியசாலைக் கடைத்தெருவில் நான் ஆம்ப்ளிஃபையர் செய்து விற்ற காலம் அது. மலைமேல் போனக்காட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில், இலை உருட்டும் மெஷின் பக்கத்திலேயே நாளெல்லாம் நிற்கும் ஒருவர், என்னிடம் வாங்கிய பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார். நெற்றியில் பட்டை விபூதி. யார் பேசினாலும் தலையைச் சாய்த்து அவர்கள் வாயையே பார்ப்பார்.

“நாப்பது வாட்டுன்னு எழுதி ஒட்டியிருக்கே தம்பி, பத்துகூட இல்லல்லோ?”

விலை மலிவுதான், ஆனால் நான் பொய் எழுதுகிறவன் இல்லை. கோபத்தோடு மீட்டரை மாட்டிப் பார்த்தேன். நாற்பது சரியாக இருந்தது. அவர் நம்பவில்லை. நாதஸ்வர கேசட்டைப் போட்டு வால்யூமை முழுக்கத் திருப்பினேன். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

“இன்னும் கொஞ்சம் கூட்டு தம்பி.”

எதிர்க்கடை அரிசி வியாபாரி காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். அந்தக் கைகளையே இவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்பீக்கர் துணியில் உள்ளங்கையை வைத்தார். வால்யூமைத் தானே மெதுவாகக் குறைத்தார்.

“பெட்டி மேல குத்தமில்ல. வீட்டுல அவளும் இப்படித்தான் காதப் பொத்துனா. வெளையாடுறான்னு நெனச்சேன்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் போகும் வித்துரா பஸ்ஸுக்கு நடந்தார். வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் போய்க்கொண்டே இருந்தார்.