தாடை இறுகிய கதை

இன்று காலை உப்புவெளிக் கடற்கரையில், உடைந்த தோணிப் பலகை ஒன்றின் துரு ஆணி என் குதிக்காலில் ஏறிவிட்டது. நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், மகள் வலியைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்பா, கடைசியா எப்ப ஏற்பு ஊசி போட்டனீங்கள்?"

தாடையைப் பூட்டிவிடும் அந்த நோயின் பேரைக் கேட்டதும் என் கை தானாகத் தாடையைத் தடவியது. சிரிக்காதீர்கள். அது பழைய பயம். ஊசிக்குப் புறப்படுமுன் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இளவயதில் எனக்குத் துறைமுகத்தில் வேலை. பழைய இரும்புப் படகுகளின் துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்க்கவேண்டும். துருவுக்கு ஒரு வாசம் உண்டு, பல் ஈறில் இரத்தம் கசிந்ததுபோல. பக்கத்தில் நின்று தட்டுபவன் கிண்ணியா நசீர். ஒரு நாள் தகடொன்று அவன் பாதத்தைக் கிழித்தது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"பள்ளிக்கூடத்தில ஊசி போட்டது தானே மச்சான். அது காணும்," என்று கடல் நீரில் காலைக் கழுவினான்.

காயம் ஆறிக்கொண்டுதான் வந்தது. பிறகு ஒரு மத்தியானம், பாண் துண்டொன்றைக் கடிக்கப் போனவனுக்கு வாய் திறக்கவில்லை.

"ஏலாது மச்சான்," என்றான் பல்லிடுக்கால். முகம் சிரிப்பதுபோல இழுபட்டிருந்தது. கண்ணில் சிரிப்பில்லை.

ஆஸ்பத்திரியில், ஏற்பு என்று சொல்லி, அவனை இருட்டறையில் வைத்தார்கள். வெளியே யாரோ கோப்பையைத் தவறவிட்ட சத்தத்துக்கே அவன் உடம்பு வில்லாக வளைந்தது. அவனுடைய உம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, மூச்சுவிடவும் பயந்து நின்றார்.

"சின்னனில போட்டது ஆயுசுக்கும் நிக்காது தம்பி. பலம் குறைஞ்சு போகும். இடைக்கிடை திரும்பப் போடோணும்," என்றார் டொக்டர். என் கைக் கீறல்களைப் பார்த்தார். "நீர் எப்ப போட்டனீர்?"

எனக்கு நினைவில்லை. அங்கேயே போட்டார்கள். இருந்தும் பல நாட்கள் கண்ணாடி முன் நின்று, பேக்கரியில் வாங்கிய முழுப் பணிஸ் ஒன்றை வாய்க்குள் திணித்து, தாடை திறக்கிறதா என்று பார்த்தேன். அந்த மாதம் கொஞ்சம் பருத்தும் போனேன்.

நசீர் பிழைத்தான். வீட்டுக்கு விடும்போது அவனுக்கும் ஊசி.

"வந்து போன வருத்தத்துக்கு இன்னும் என்னத்துக்கு?" என்று உம்மா கேட்டார்.

"இது வந்து போனாலும் காப்பு இல்லையம்மா. திரும்பவும் வரும்," என்றார் டொக்டர்.

அதற்குப் பிறகு அவனால் சுத்தியல் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. கிண்ணியாவில் புடவைக் கடை வைத்தான்.

அந்தப் படகுகளை வெட்டி இரும்பாக விற்றுவிட்டார்கள். தட்டுகிறவர்களும் இல்லை. போன வருடம் அவனைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனேன். அலைச் சத்தம் மட்டும்தான். ஆனாலும் திரும்பி வரும்வரை நசீர் என் கையை விடவில்லை.