முதலில் ஓம் விதி, பிறகு சால்டரிங்

எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடைக்குப் பாதிப் பேர் பொருள் வாங்க வருவார்கள்; மீதிப் பேர், நேற்று வாங்கிய பொருள் ஏன் புகைந்தது என்று கேட்க வருவார்கள். தல்லாகுளத்தில் பதினாறு வருடமாக அப்படியொரு கடை வைத்திருக்கிறேன். அடிப்படை படிக்காமல் சர்க்யூட்டில் கைவைத்துச் சூடுபட்டவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி.

ஏழு எல்.இ.டி. போச்சு

சுந்தரம் சார் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டுக் கொலுவுக்குச் சின்ன விளக்கு செய்ய எல்.இ.டி. வாங்கிப்போனவர், மறுநாளே வந்து நின்றார். "ஏழும் போலிச் சரக்கு!" ஒன்பது வோல்ட் பேட்டரியில் நேராக மாட்டியிருக்கிறார்.

நான் பில்லின் பின்பக்கத்தில் ஓம் விதிக் கணக்குப் போட்டேன். பேட்டரி ஒன்பது வோல்ட், எல்.இ.டி.க்கு இரண்டு போதும். மீதி ஏழு வோல்ட்டைத் தாங்க நடுவில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். கடையிலேயே ஒன்றை மாட்டிக் காட்டினேன், நின்று எரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, தப்பு என் மேல இருக்க, பல்பு மேல போய் கேஸ் போட்டிருக்கேன்!"

வெள்ளைக் கோடு

மும்தாஜ் தெற்குவாசல் பக்கம் தையல்கடை வைத்திருப்பவர். பழைய ரேடியோவுக்குச் சொந்தமாக அடாப்டர் செய்ய ஆசைப்பட்டார். அதில் போடும் கெபாசிட்டரில் வெள்ளைக் கோடு இருக்கும் பக்கம் மைனஸ், மாற்றிப் போட்டால் வெடிக்கும் என்று அரைமணி நேரம் வகுப்பே எடுத்தேன். அந்த மிதப்பில் பேசிக்கொண்டே நானே மாட்டி, சுவிட்சைப் போட்டேன். 'டப்'! என் டீயில் கெபாசிட்டரின் காகிதத் தூள் மிதந்தது.

அவர் பயப்படவில்லை. குறிப்பு நோட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தார்: "வெள்ளைக் கோடு மைனஸ்னு நீங்கதானே சொன்னீங்க அண்ணே?"

விற்க மறுத்த ரிலே

உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி பாண்டி, செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். தோட்டத்து மோட்டாரைப் போனிலேயே போட்டு நிறுத்த வேண்டும். அதற்கு சுவிட்ச் வேலை செய்யும் தீப்பெட்டி அளவு ரிலே ஒன்று கேட்டார். மோட்டார் எவ்வளவு என்றேன். "அஞ்சு ஹெச்.பி., மூணு பேஸ்." மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்டில் இந்த ரிலே கருகிவிடும். ஈரக் காலோடு பக்கத்தில் நிற்பவர் கதி?

தரமாட்டேன் என்றேன். "யாவாரம் பண்ண உக்காந்துட்டு இம்புட்டுப் பேச்சு எதுக்கு?" என்று கோபமாக இறங்கிப் போனார்.

நாலு நாளில் திரும்பி வந்தார். "சரிண்ணே, மொதல்ல இருந்து சொல்லுங்க." சனிக்கிழமைதோறும் வந்தார். வோல்ட், ஆம்பியர், மல்டிமீட்டர் என்று எல்லாம் பேட்டரியிலேயே பழகினார். தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரத்தைத் தானே செய்தார். மோட்டார் ஸ்டார்ட்டர் வேலையை, லைசென்ஸ் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம் விட்டார். போன வாரம் அலாரம் அலறுவதைப் போனில் எனக்குக் கேட்க வைத்துவிட்டுச் சொன்னார்: "எதைத் தொடணும்னு வீடியோவுல பாத்துக்கலாம்ணே, எதைத் தொடக்கூடாதுன்னு படிச்சாத்தான் தெரியுது!"

பாடம் படித்தவர்கள் பொருளைக் கருக்காததால் என் விற்பனை கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை வகுப்பை நிறுத்துவதாக இல்லை.