நேர்காணலுக்காக மாடி ஏறிய சோபா

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், எங்கள் ஒரே மகள், கொரட்டூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார், கீழ் வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் அக்கா. போனுக்குள் இரண்டு பேர், ஒரு மேடமும் ஒரு சாரும். தண்ணீர் கேன் போட வந்தவர் சோபாவுக்கு ஒரு கை கொடுத்துவிட்டு உடனே போய்விட்டார். அதனால் அவரைச் சேர்க்கவில்லை. சோபாவைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். நடந்ததில் என்னைவிட அதற்குத்தான் பங்கு அதிகம்.

மகள் அப்போது ஆவடியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். வடக்கே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, பொறுக்கியெடுத்துத்தான் சேர்ப்பார்கள் என்று அவளுடைய இங்கிலீஷ் டீச்சர் சொல்லியிருக்கிறார். மார்க் மட்டும் போதாது. தனியாக ஒரு பரீட்சை, தன்னைப் பற்றி ஒரு கட்டுரை, அப்புறம் நேர்காணல். ஒரு வருஷமாக அவள் அதற்குத்தான் படித்தாள். காலையில் திருநின்றவூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போதும் கையில் புத்தகம் இருக்கும். நான் பக்கத்தில் நின்று, தண்டவாளத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்குக் கவலைப்படுவது பழக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு வாஷரையும் விரலில் வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாளெல்லாம் குறை தேடிவிட்டு வருகிறவளிடம், வீட்டுக்கு வந்தால் நல்லதை மட்டும் பார் என்றால் எப்படி முடியும்? அந்தக் கம்பெனியில் நான் சேர்ந்தது ஒன்பதாவது படிக்கும்போது, கணக்குப் பரீட்சைக்கு முந்தின வாரம். பரீட்சைக்குப் போகவில்லை. அதற்கப்புறம் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் வந்து கேட்கவும் இல்லை.

மகள் பரீட்சையில் தேறினாள். கட்டுரையும் தேறியது. நேர்காணலும் முடிந்தது. சீட் கிடைத்துவிட்டது. ஆனால் அங்கே ஒரு வருஷத்துக்குக் கேட்கிற பணம், என் வீட்டுக்காரர் வேன் ஓட்டி நான்கு வருஷத்தில் வாங்குகிற சம்பளம். கட்டணச் சலுகை கேட்டு மகள் எழுதிப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் குடும்பத்தோடு பேசுவோம், பேசிய பிறகு எவ்வளவு குறைக்கலாம் என்று முடிவு செய்வோம் என்று பதில் வந்தது. குறைத்தால் அவள் போவாள். குறைக்காவிட்டால் பூந்தமல்லி ரோட்டில் ஒரு காலேஜ். அந்தக் காலேஜில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் பெயரை யாராவது எடுத்தாலே மகள் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

இதை நான் நாத்தனாரிடம் போனில் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"யாரு வராங்க?" என்று கேட்டார்.

"யாரும் வரல அண்ணி. போன்லதான் பாக்குறாங்க."

"போன்ல பாத்தா இன்னா? ஊட்டைப் பாப்பாங்க இல்ல?"

"பாப்பாங்க போல."

"அப்ப நான் வரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ரயில்களில் ஒன்றைப் பிடித்து வந்துவிட்டார். பையில் இரண்டு திரைச்சீலை, ரவை, நெய், ஒரு நகைப்பெட்டி. மகள் சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தாள். அவள் இல்லாத அந்த நேரத்தில்தான் எல்லாம் நடந்தது.

நாத்தனார் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். எங்கள் வீடு ஒரு அறையும் சமையல்கட்டும். சுற்றிப் பார்ப்பதற்கு நின்ற இடத்திலேயே திரும்பினால் போதும்.

"உக்கார ஒரு சேர் கூட ஒழுங்கா இல்லையேடா. இத்தப் பாத்தா எவன் காசு குடுப்பான்?" என்று தம்பியைக் கேட்டார்.

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அவருக்கு இதில் அனுபவம் உண்டு. முதல் தடவை பைக் வாங்க லோன் கேட்டு வேலைச் சட்டையோடு போனபோது உட்காரக்கூடச் சொல்லவில்லை. இரண்டாம் தடவை என் அண்ணனின் வாட்சைக் கட்டிக்கொண்டு, கடன் வாங்கிய சட்டையில் போனார். காபி கொடுத்து லோனும் கொடுத்தார்கள். "இருக்கறவன்னு தெரிஞ்சாதான்மே நம்பிக் குடுக்கறானுங்க," என்று என்னிடம் சொன்னார். நானும் ஒத்துக்கொண்டேன். இல்லை என்று சொல்லி நாங்கள் யாரிடமும் எதையும் வாங்கியதில்லை. சீட்டு எடுக்கும்போதுகூட, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டுதான் போவேன்.

அதனால் பெண் பார்க்க வரும்போது என்ன செய்வோமோ அதையே செய்தோம். மஞ்சள் கறை படிந்த சுவரின் மேல் திரைச்சீலை தொங்கியது. நாத்தனார் கேசரி கிண்டினார். போனில் இருப்பவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். "கேசரி கிண்டாத ஊட்ல பேசறவங்க மூஞ்சே களையா இருக்காது, உனக்குத் தெரியாது," என்றார். தன் நெக்லஸை என் கழுத்தில் போட்டுவிட்டார்.

அப்புறம் சோபா. ஹவுஸ் ஓனர் அக்காவின் சோபா சிவப்பு நிறம், மூன்று பேர் உட்காரலாம். வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கவில்லை. அக்காவின் குடும்பம் அந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்றதில் வீடும், வீட்டுக்குள் இந்த சோபாவும் வந்தன. கேட்டதும் கவரை ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"தரேன். கவரப் பிரிக்கக் கூடாது."

"பிரிக்க மாட்டோம்க்கா."

"நானும் கூட வருவேன். சோபா கீற எடத்துல நான் இருப்பேன்."

அப்படித்தான் அவரும் மேலே வந்தார். தன் மகன் கேரம்போர்டில் ஜெயித்த கோப்பைகள் மூன்றையும் அவராகவே எடுத்துவந்து அலமாரியில் வைத்தார். சும்மா சொல்லக் கூடாது, வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. எனக்கே உள்ளே போகத் தயக்கமாக இருந்தது.

மகள் ஜெராக்ஸ் கட்டோடு வந்து வாசலிலேயே நின்றாள். சோபாவைப் பார்த்தாள். என் கழுத்தைப் பார்த்தாள்.

"யாரைப் பொண்ணு பாக்க வராங்க?"

நாத்தனார் ஒரு செயினை எடுத்து நீட்டினார். "இந்தா, இத்தப் போடு. கழுத்து மொட்டையா கீது."

"அத்தை, எங்ககிட்ட காசு இல்லன்னு பக்கம் பக்கமா எழுதி அனுப்பியிருக்கேன்."

"எழுதறது எழுதறதுதான். அதுக்கோசரம் ஊட்டை அப்பிடியே காட்டுவியா? இல்லாதவன்னு தெரிஞ்சா எவன் குடுப்பான்?"

"இல்லாதவங்களுக்குத்தான் அத்தை குடுக்கறாங்க! சலுகைன்னாலே அதான்!"

நாத்தனார் தம்பியைப் பாவமாகப் பார்த்தார். "பொண்ண ரொம்பப் படிக்க வச்சிட்டடா," என்றார்.

சோபாவைத் திரும்ப இறக்கலாம் என்றால், தண்ணீர் கேன் போடுகிறவர் போய்விட்டார். மேலே போர்வை போட்டு மூடலாம் என்றேன். மூடினால் பிணம் மாதிரி இருக்கும் என்றார் ஹவுஸ் ஓனர் அக்கா. மகள் சமையல்கட்டுப் பக்கம் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, அரிசி டிரம்மில் போனைச் சாய்த்துவைத்தாள். அங்கிருந்து சோபா தெரியாது. போன் அடித்தது.

முதலில் எல்லாம் இங்கிலீஷில். "ஃபாதர்", "இன்கம்" இரண்டும் எனக்குப் புரிந்தன. மகள் தடுமாறாமல் பேசினாள். அப்புறம் மேடம் தமிழுக்கு வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் போல, பேச்சில் மரியாதை இருந்தது.

"அம்மா, நீங்க வேலைக்குப் போறீங்களாங்க?"

போறேன் என்று சொல்லும்போதுதான் நெக்லஸ் ஞாபகம் வந்தது. முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டேன். நல்ல வெயில் காலம். குளிருதுங்களா என்று மேடம் கேட்டார். ஆமாம் என்றேன்.

"சரிங்க. வீட்டைக் கொஞ்சம் சுத்திக் காட்ட முடியுங்களா?"

மகள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து போனைத் திருப்பினாள். அவள் மறைக்கவில்லை. ஒரே அறையில் மறைக்க இடமும் இல்லை. திரைச்சீலை, கோப்பைகள், சோபா. சோபாவின் நடுவில் ஹவுஸ் ஓனர் அக்கா.

"சோபா புதுசுங்களா?" என்று மேடம் கேட்டார்.

மகள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முன்னால் வந்துவிட்டார். "ஆமா மேடம். எங்க தம்பி ரொக்கமா குடுத்து வாங்கனது. கடன் கிடன்லாம் எங்க பரம்பரைக்கே கெடையாது."

போனுக்குள் அந்த சார் குனிந்து எதையோ எழுதினார். பூந்தமல்லி ரோட்டுக் காலேஜுக்கு எந்தப் பஸ் என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

"இன்னாது?" என்றார் ஹவுஸ் ஓனர் அக்கா.

சோபாவிலிருந்து எழுந்தார். பிளாஸ்டிக் கவர் கறமுறவென்று சத்தம் போட்டது.

"யாரு, இவனா? ரொக்கமாவா? மேடம், இது என் சோபா. கவரே இன்னும் பிரிக்கல, நல்லாப் பாருங்க. ரெண்டு மாசமா வாடகை வரல, இவனுக்கு இன்னாத்துக்கு சோபா? போன மாசம் கரண்டு பில்லு நான் கட்னேன். அந்தக் கப்புலாம் என் புள்ள கேரம்ல ஜெயிச்சது. அந்தம்மா கழுத்துல கீதே, அது நாத்தனா நக. அந்தம்மா சொந்த நக பொண்ணு பரீட்ச பீஸுக்கு அடகுக் கடையில கீது. நான்தான் கூடப் போனேன். காசு இருந்தா ஏன் மேடம் என் மேல் போர்ஷன்ல குடி இருக்கறாங்க? மழைல ஒழுவும் அது."

எங்கள் குடும்ப விவரங்களை அதற்குமுன் யாரும் இவ்வளவு ஒழுங்காகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவங்க சொல்றதுதான் நெஜம் மேம்," என்றாள் மகள். "சோபா, நகை எல்லாம் இரவல். வீட்ல லோன் கேட்டுத்தான் பழக்கம். லோன் கேக்க இப்படித்தான் போவாங்க. அதான்."

மேடம் அதை சாருக்கு இங்கிலீஷில் சொன்னார். சொல்லி முடிக்க நேரமானது. நடுவில் இரண்டு தடவை "சோபா" வந்தது. சார் எழுதியதை அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினார். நல்லதா கெட்டதா என்று அந்த முகத்திலிருந்து தெரியவில்லை.

"நீங்க சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுங்களா?" என்று மேடம் ஹவுஸ் ஓனர் அக்காவிடம் கேட்டார்.

"எனக்கின்னா பயமா? தாராளமா எழுதித் தரேன்."

போனை வைத்ததும் நாத்தனார் ஆரம்பித்தார். "ஒரு பொண்ணு வாழ்க்கையையே கெடுத்துட்டியே!"

"என் சோபாவ உன் தம்பி சோபான்னா நான் வாயப் பொத்திகினு இருக்கணுமா?"

"ஒரு மணி நேரத்துக்கு வச்சிகினா தேஞ்சா போயிரும்?"

"வச்சிக்கோன்னுதானே குடுத்தேன்! எழுதியா குடுத்தேன்?"

கேசரி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் எல்லாரும் அதைத்தான் சாப்பிட்டோம். மகளும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சோபாவில் போய் உட்கார்ந்தாள். சண்டை போட்ட இரண்டு பேருக்கும் நடுவில்தான் இடம் இருந்தது.

அக்கா சொன்னபடியே எழுதிக் கொடுத்தார். வாடகை பாக்கியோடு, நாங்கள் உடைத்த குழாயையும் சேர்த்திருந்தார். குழாய் எதற்கு என்று கேட்டதற்கு, உண்மையை எழுதச் சொன்னால் எல்லா உண்மையும்தான் வரும் என்றார். மகள் அப்படியே அனுப்பினாள்.

பதில் வரும்வரை நான் நல்ல வாஷர்களையெல்லாம் கழித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் ஒருநாள் ஒரு பிடி அள்ளி, "இதுல இன்னாமா கொற?" என்றார். சலுகை கிடைக்காதோ என்று ஒரு பயம். கிடைத்துவிட்டால் பெண் அவ்வளவு தூரம் போய்விடுவாளே என்று இன்னொரு பயம். இரண்டில் எது நடந்தாலும் எனக்குத் தூக்கம் இல்லை என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

மெயில் வந்த அன்று மகள் நேராகக் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டாள். வாட்ச்மேன் உள்ளே சொல்லி அனுப்பினார். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடினேன். படிப்புக் கட்டணம் முழுசும் தள்ளுபடி, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பாதி என்று அவள் வாசித்துக் காட்டினாள். சாப்பாட்டில் பாதி என்றால் எந்த வேளை போடமாட்டார்கள் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

சோபாவைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள் என்று நாத்தனார் இன்றைக்கும் கொரட்டூரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தன் கையெழுத்தால்தான் கிடைத்தது என்கிறார் ஹவுஸ் ஓனர் அக்கா. மகள் எழுதிய கட்டுரையைப் பற்றி இரண்டு பேருமே பேசுவதில்லை.

ஆடி மாதம் அவளை ரயில் ஏற்றினோம். இப்போது வீடியோவில் அவள் அறையைக் காட்டுகிறாள். ஒரு கட்டில், ஒரு மேஜை, கம்பி போட்ட ஜன்னல். கம்பியை ஆட்டிக் காட்டச் சொன்னேன். ஆட்டிக் காட்டினாள், உறுதியாகத்தான் இருக்கிறது. விடுதிப் பணத்தில் முதல் தவணையை என் வீட்டுக்காரர் தான் வேன் ஓட்டுகிற கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கிக் கட்டிவிட்டார். அட்வான்ஸ் கேட்க அவர் வேலைச் சட்டையோடுதான் போனார். பொங்கலுக்குள் கட்ட வேண்டிய மீதி முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.