பக்கத்து மேஜை சாமுவேல்

குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்ட கட்சிக்காரனை அப்பீலில் மீட்பதுதான் நம் தொழிலிலேயே கஷ்டம் என்று நினைக்கும் வக்கீல் நண்பர்களே, அதைப் பக்கத்து மேஜைக்காரன் செய்யும்போது பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள், தெரியும்.

இலவச ஆலோசனை

சித்தூர் கோர்ட்டில் கஸ்தூரி என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். புருஷன் முனிரத்தினம் டிராக்டர் ஓட்டுகிறவன். மாங்கூழ் ஃபாக்டரி வாசலில், லோடு இறக்க வரிசையில் நிறுத்தியிருந்த அவன் வண்டியில், பைக்கில் வந்த ஒருவன் பின்னாலிருந்து மோதிக் காலை உடைத்துக்கொண்டான். கேஸ் முனிரத்தினத்தின்மேல். ஒத்துக்கொண்டால் ஃபைனோடு போய்விடும் என்று கான்ஸ்டபிள் சொல்லியிருக்கிறார். பெரிய மனிதர் யார் எதைக் கேட்டாலும் கைகூப்பித் தலையாட்டுகிற ஆள் இவன். மாஜிஸ்ட்ரேட் கேட்டதும் "செஞ்சேன் சாமி" என்றுவிட்டான். கிடைத்தது மூன்று மாத ஜெயில். இப்போது அப்பீலுக்காக ஜாமீனில் இருக்கிறான்.

நான் உற்சாகமாக விளக்கினேன். ஜெயிலும் உண்டு என்று எடுத்துச் சொல்லாமல் வாங்கிய ஒப்புதலை அப்பீலில் வாபஸ் வாங்கலாம் என்றேன். கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இத்த அப்டியே சாமுவேல் சாருகிட்ட சொல்லணும் சார். அவரு எங்க உக்காந்துகினு இருப்பாரு?"

லட்டு

சாமுவேல் திருப்பதியில் என்னோடு லா படித்தவன். செஷன்ஸ் கோர்ட்டில் நான் சொன்ன அதே பாயிண்ட்டைத்தான் எடுத்துவிட்டான். நீதிபதி தலையசைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. தண்டனை ரத்து, வழக்கை முதலிலிருந்து நடத்தட்டும் என்று தீர்ப்பு வந்தது. முனிரத்தினம் திருமலையில் மொட்டை போட்டுவிட்டு வந்து, சாமுவேலுக்கு முழு லட்டு கொடுத்தான். எனக்குக் கிள்ளிக் கொடுத்தான். சர்ச்சுக்குப் போகிறவனுக்கு முழு லட்டா என்றுகூட நினைத்தேன். வாய் நிறைய லட்டோடு சாமுவேல் என் பக்கம் திரும்பினான்.

"மறு விசாரணைலாம் சின்ன வேலடா, எனக்கு டைம் இல்ல. நீ பாத்துக்கோ."

கால்

பார்த்துக்கொண்டேன், வேறென்ன செய்ய? மாஜிஸ்ட்ரேட் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்: குற்றம் செய்தாயா? எவ்வளவோ சொல்லிக்கொடுத்தும் முனிரத்தினத்தின் கைகள் தானாகக் குவிந்தன. தலை ஆட ஆரம்பித்தது. ஷூ காலால் அவன் காலை ஒரே மிதி மிதித்தேன்.

"இல்ல சாமி! வண்டி நின்னுகினு இருந்துச்சு!" என்று அலறினான்.

சாட்சிக் கூண்டில் பைக்கில் வந்து மோதியவனும் அதையே சொல்ல, கடைசியில் விடுதலை. நான் வாழ்த்துக்காகக் காத்து நின்றேன். கஸ்தூரி புருஷன் காலைப் பார்த்தாள்.

"சாமுவேல் சாரா இருந்தா மெதிக்காமலே ஜெயிச்சிருப்பாரு."

எனக்குப் பொறாமைதான் என்று யாரும் காலை மிதிக்காமலே ஒப்புக்கொள்கிறேன், இதை எந்த அப்பீலிலும் வாபஸ் வாங்குவதாக இல்லை.